எழுபத்தேழாவது சால்

அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் இல்லை. மணமேல்குடியில் வலை பின்னுகிறவர்கள் பாடினார்கள். அறந்தாங்கிப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். ஜெயிலில் கதர்க்காரர்கள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டித் தாளம் போட்டுப் பாடினார்கள் என்றும் சொன்னார்கள். "நாப்பது கோடி ஆச்சு, நடை தளரக் கூடாது" என்று யாராவது ஒருவர் எடுத்துக் கொடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அதைக் கட்டியவன் மட்டும் அதைக் கேட்டு நிற்கமாட்டான். சந்தையிலோ சாவடியிலோ அது காதில் விழுந்தால் நல்லதம்பி தலைத்துண்டை இறக்கிக் காதை மூடிக் கட்டிக்கொண்டு, வந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நடையைக் கட்டுவான்.

ஊரில் அதற்குத் தன்னடக்கம் என்று பேர் வைத்திருந்தார்கள். ஊருக்கு எதற்காவது பேர் வைக்காமல் இருக்க முடியாது. பெண்டாட்டியின் அண்ணன் ஐயனாரை ஐந்து வருஷமாகத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, தூக்கி உட்காரவைத்து, தூக்கிப் படுக்கவைத்து வந்தானே, அதற்கும் ஒரு பேர் இருந்தது. மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். ஐயனாருக்கு ஒரு பேர் இருந்தது. தூங்கி.

அந்தப் பேர்தான் இந்தக் கதை.

ஏற்றம் இறைப்பதைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிணற்றடியில் இரண்டு கால் நட்டு, அதன் மேல் நீள மரம் ஒன்றை ஏறி இறங்கும்படி பூட்டியிருப்பார்கள். மரத்தின் நுனியில் ஒரு மூங்கில் கழி தொங்கும். கழியின் அடியில் சால், தண்ணீர் முகக்கிற பெரிய வாளி. ஒருவன் மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பான். முன்னே நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். கீழே கிணற்றுப் பலகையில் நிற்கிறவன் கழியைப் பிடித்துச் சாலை முக்கி எடுத்து வாய்க்காலில் கவிழ்ப்பான்.

எண்ணிக்கை மேலே நடக்கிறவனிடம் கிடையாது. அவன் கண் காலில் இருக்க வேண்டும். எண்ணிக்கை கீழே இருப்பவனின் பாட்டில் இருக்கும். சாலுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு எண். பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கி, நூறாவது சாலில் பாட்டு நிற்கும். பாட்டு நின்றால்தான் மேலே இருப்பவன் நிற்கலாம். அவனாக நடுவில் நின்றால் கழி உதறிக் கீழே இருப்பவனைக் கிணற்றுக்குள் தள்ளிவிடும். ஆகவே ஒருவன் உயிர் மற்றவன் காலில், மற்றவன் உயிர் இவன் வாயில். இதை எந்தச் சர்க்காரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ராஜாவின் சமஸ்தானத்திலும் சரி, வெள்ளைக்காரன் ஆளுகிற சீமையிலும் சரி, இதை மீறினவன் கிடையாது.

ஐயனார் இருபது வருஷம் மரம் மிதித்தவர். மழை பெய்து மரம் வழுக்கும்போதும் அவர் அதன் மேல் நடப்பது சந்தைக்குப் போகிறவர் ரோட்டில் நடப்பதுபோல் இருக்கும். கீழே சால் பிடிப்பது எப்போதும் நல்லதம்பிதான். பாட்டுக் கட்டுவதில் அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எல்லோரும் பாடுகிற பழைய பாட்டைப் பாடாமல், அன்றைக்கு மனசில் பட்டதை எண்ணோடு சேர்த்துப் பின்னி விடுவான். பக்கத்துத் தோட்டங்களில் களை பறிக்கிற பெண்கள் அவன் குரல் கேட்டால் கையை நிறுத்திக் காது கொடுப்பார்கள். அது அவனுக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் வினை.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆடி மழை ஏமாற்றிவிட்டது. ஆவணி பிறந்தும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தோட்டத்துக்காரரின் கேழ்வரகு வாடிக்கொண்டிருந்தது. அந்தக் கிணற்றில் இரண்டு பேர் மரம் மிதிப்பது வழக்கம், ஒருவர் நூறு சால் மிதித்தால் அடுத்தவர் ஏறுவார். அன்றைக்கு மற்றவர் குளிர்சுரத்தில் படுத்துவிட்டார். ஆள் இல்லை என்று சொன்னால் தண்ணீர் பாயுமா? வெள்ளி முளைத்ததிலிருந்து ஐயனார் ஒருவரே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நூறுக்கு ஒரு தரம் இறங்கி உட்கார்ந்து, வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம் இளைப்பாறி, மறுபடி ஏறினார்.

வெயில் ஏறியபோது அவர் கால் முன்போல் விழவில்லை என்பதை நல்லதம்பி கீழே இருந்தே கண்டுகொண்டான். கண்டுகொண்டதும் பாட்டை மாற்றினான். அந்தப் பாட்டு அப்படித்தான் பிறந்தது. நாட்டை எழுப்ப இல்லை, களைத்துப்போன மச்சானை மரத்தின் மேல் விழிப்பாக வைத்திருக்க.

"நாப்பதும் ஒண்ணாச்சு, நடை தளரக் கூடாது
நாப்பதும் ரெண்டாச்சு, நடுவழியில் நிக்காதே
நாப்பதும் மூணாச்சு, கண்ணு முழி மச்சான்
நாப்பதும் நாலாச்சு, கால் வழுக்கும் கவனம்."

இப்படிப் பத்துப் பத்தாக ஏறிக்கொண்டு போகும். மெட்டு என்னவோ அவன் தொண்டையில் தானாக வந்து உட்கார்ந்தது. நல்ல மெட்டு என்பது பாடும்போதே அவனுக்குப் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் ரெங்கராஜ் வந்தான். கட்டுமாவடியில் கருவாட்டு மண்டி வைத்திருந்தவரின் மகன். அறந்தாங்கிப் பக்கம் தந்திக் கம்பியை அறுத்த கூட்டத்தில் இருந்தவன், போலீஸ் துரத்த எல்லை தாண்டி, நல்லதம்பியின் ஊர் இருந்த சமஸ்தானத்துக்குள் ஓடி வந்திருந்தான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவன் வாய்க்கால் ஓரம் குப்புற விழுந்து தண்ணீர் குடித்த ஒரு அந்நியன், அவ்வளவுதான். குடித்து முடித்து முகத்தைத் துடைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாட்டைக் கேட்டான். கண் விரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பென்சிலும் எடுத்தான்.

"அண்ணே, இதைத் திருப்பிப் பாடுங்க. எழுதிக்கிறேன்" என்றான்.

சால் நிற்கக் கூடாது, பாட்டும் நிற்கக் கூடாது. ஆனால் எண் ஏறாமல் இருக்கலாம் என்று நல்லதம்பிக்குத் தோன்றிவிட்டது. ஏன் தோன்றியது என்று அதற்குப் பிறகு எத்தனையோ நாள் தன்னையே கேட்டிருக்கிறான். விடை ஒன்றுதான். அவன் பாட்டை அதுவரை யாரும் காகிதத்தில் எழுதியது இல்லை. நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பது வரை இருந்த பத்து வரியையும் மறுபடி பாடினான். பென்சில் மெதுவாகப் போயிற்று. மறுபடி பாடினான். இடையில் ரெங்கராஜ் ஒரு வரியைக் கோட்டைவிட்டுக் கையைத் தூக்கினான். மறுபடியும் பாடினான். நாற்பதுகளை மொத்தம் ஐந்து தடவை. ஐம்பதுகளை நான்கு தடவை. மேலே ஐயனார் நடந்துகொண்டே இருந்தார். எண்ணிக்கை பாட்டில் இருக்கிறது, பாட்டு நாற்பதில் இருக்கிறது, ஆகவே நாற்பதுதான் என்று அவர் கால் நம்பியது. நடந்த தூரம் கிறங்கிப்போன தலைக்கு எப்படித் தெரியும்?

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரெங்கராஜ் எழுந்தான். கும்பிட்டான். வரப்பின் மேல் ஏறி வடக்கே போனான். நல்லதம்பி அறுபதுகளை அவன் முதுகைப் பார்த்துப் பாடினான். எழுபதுகளையும் அவன் முதுகைப் பார்த்துத்தான் பாடினான். திரும்பிப் பார்ப்பானா என்ற ஆசை. எழுபத்தேழாவது வரியில் கழி கையில் இலேசாகிவிட்டது. மேலே பார்த்தபோது மரத்தின் மேல் ஆள் இல்லை.

ஐயனார் கிணற்றுக் கட்டின் கல்லில் முதுகு பட விழுந்து கிடந்தார். தலையிலும் அடி.

முதலில் ஓடி வந்தவள் பக்கத்துத் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த செங்கமலம். அவள் பின்னாலேயே நாலைந்து பேர். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கண்ணசந்துவிட்டார் போலிருக்கிறது என்று நல்லதம்பி சொன்னான். எத்தனாவது சால் என்று தோட்டத்துக்காரர் கேட்டார். எழுபத்தேழு என்றான். ஆமாம், எழுபத்தேழுதான், என் காதால் கேட்டேன் என்று செங்கமலமும் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. பாட்டில் எழுபத்தேழுதான். மரத்தின் மேல் நூற்று நாற்பத்தேழு. எண்ணுகிறவன் மனசு எண்ணாமல் இருக்காது. வாய் நாற்பதைத் திரும்பத் திரும்பப் பாடியபோதும் உள்ளே ஒன்று தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போயிருந்தது.

நூறு சால் மிதிக்கிற ஆள் எழுபத்தேழில் விழுந்தால் தூங்கினான் என்றுதான் அர்த்தம். அந்தத் தொழிலில் அதைவிடக் கேவலம் வேறு இல்லை, கீழே நிற்கிறவன் உயிரைப் பற்றிக் கவலைப்படாதவன் என்று ஆகிவிடும். ஏற்றத்தில் விழுந்து முடமானவனுக்கு அந்தத் தோட்டத்தில் விளைகிறதில் ஒரு பங்கை ஆயுசுக்கும் அளக்க வேண்டும் என்பது வழக்கம். தூங்கி விழுந்தவனுக்கு அது கிடையாது. தோட்டத்துக்காரர் கையை விரித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வழக்கப்படிதான் நடந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

ஐயனார் உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே பிழைக்கவில்லை. விழுந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. வெற்றிலை போட்டுவிட்டு மரம் ஏறியது வரைக்கும் நினைவு இருந்தது. மற்றதை ஊர் சொல்லிக் கொடுத்தது. அவரும் நம்பினார். பார்க்க வருகிறவர்களிடம் அவரே சொல்வார், "கண்ணசந்துட்டேன் அப்பு, என் கெட்ட நேரம்." சொல்லிவிட்டு நல்லதம்பியைப் பார்த்து, "நல்லவேளை, மாப்புள்ள தப்பிச்சான். நான் தூங்கி அவனைக் கெணத்துல தள்ளியிருந்தா எந்தங்கச்சி கதி என்ன?" என்பார். அதைக் கேட்டால் நல்லதம்பி குடிக்கிற கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

சொல்லிவிடலாம் என்று முதல் மாசம் நினைத்தான். காயம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டான். பிறகு பொங்கல் கழியட்டும் என்றான். பிறகு அவர் மனைவி காத்தாயியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வருஷம் ஒன்று போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியதாயிற்று. பொய் ஒன்றைச் சொல்வது ஒரு நொடி வேலை. அதைச் சுமப்பதுதான் வேலை. காலையில் எழுந்தால் மச்சானைத் தூக்கி வெளியே கொண்டுபோய் உட்கார வைப்பான். பிறகு வேறொருவனை மரத்தில் ஏற்றிச் சால் பிடிக்கப் போவான். அங்கே பழைய பாட்டுத்தான், சொந்தமாக ஒரு வரி கட்டுவதில்லை. சாயங்காலம் வந்து மறுபடி தூக்குவான். அவன் பெண்டாட்டி மருதாயி தன் புருஷன் கிழடு தட்டிப்போனான் என்று வருத்தப்பட்டாள். அவனுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பாட்டு மட்டும் அலுக்காமல் ஊர் சுற்றியது. துண்டுப் பிரசுரமாக வந்தது. மச்சான் என்பது மேடைக்கு ஆகாது என்று யாரோ அதை மக்கா என்று மாற்றியிருந்தார்கள். நாப்பதும் ஒண்ணு என்பது நாப்பது கோடி ஆகிவிட்டது. கால் வழுக்கும் என்றால் வெள்ளைக்காரன் தந்திரம் என்று அர்த்தம் சொன்னார்கள். கண்ணு முழி என்றால் சொல்லவே வேண்டாம். பாடிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். ஜெயிலுக்கும் போனார்கள். அவர்கள் கண்ணீர் பொய்யில்லை, அந்தப் பாட்டு அவர்களுக்கு மெய்தான். நல்லதம்பிக்கும் அது தெரியும். தெரிந்ததால் அவனால் பாட்டைத் திட்டக்கூட முடியவில்லை.

நாற்பத்தேழாம் வருஷம் ஆடிக் கடைசி வியாழக்கிழமை, ரெங்கராஜ் திரும்பி வந்தான். இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன், இப்போது கதர் ஜிப்பாவும் கண்ணாடியும் போட்டு ஆளே மாறியிருந்தான். கிணறு கிணறாக விசாரித்துக் கண்டுபிடித்தானாம். நாளைக்கு வெள்ளைக்காரன் சீமைக்கு விடுதலை, அறந்தாங்கிச் சந்தைத் திடலில் பெரிய கூட்டம், பாட்டைக் கட்டியவர் மேடையில் வந்து அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும் என்றான். நல்லதம்பி ஆகாது என்றான். எனக்குப் பேச வராது, இது இன்னமும் சமஸ்தானம், இங்கே ஏதாவது வம்பு வரும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

அந்த மறுப்பைத் தடுத்தது ஐயனார். படுத்திருந்த இடத்திலிருந்தே கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"போடா மாப்புள்ளே. என்னையும் வண்டில போட்டுக் கூட்டிக்கிட்டுப் போ. ஒன் பாட்டை ஊரு பாடுறதை ஒரு தடவை கேக்கணும். எனக்கு வேற என்ன இருக்கு?"

அதற்கு மேல் நல்லதம்பி என்ன சொல்வான்? அவர் அதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டது இல்லை. அதற்குள் ரெங்கராஜ் வாசலில் நின்றவர்களிடம் பேச்சுக் கொடுத்து, இவர் எப்படி விழுந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஊருக்குச் சொல்ல வாய் வலிக்குமா?

மறுநாள் காலையிலேயே வண்டி கட்டினார்கள். வைக்கோல் பரப்பி அதன் மேல் ஐயனாரை உட்கார வைத்து, முதுகுக்கு மூட்டை வைத்தாயிற்று. காத்தாயி அவருக்குத் துவைத்த வேட்டி கட்டிவிட்டாள். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு அவர் கல்யாணத்துக்குப் போகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். நல்லதம்பி வண்டியின் பின்னால் நடந்தே போனான். ஏறிக்கொள் என்று அவர் மூன்று முறை சொன்னார். இல்லை மச்சான், காலாற நடக்கிறேன் என்றான். காலெல்லாம் ஒரே அசதி. ஆனால் அவருக்கு எதிரே முகம் பார்த்து உட்கார அவனால் ஆகாது.

திடல் நிறைந்திருந்தது. தோரணம், கொடி, கொட்டு. வண்டியை மேடைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெண்பிள்ளைகள் பாட்டைப் பாடினார்கள். இரண்டாவது அடியிலேயே கூட்டம் சேர்ந்துகொண்டது. இத்தனை ஆயிரம் வாயிலிருந்து அந்த மெட்டு வரும் என்று நல்லதம்பி நினைத்தது இல்லை. ஐயனார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். உணர்ச்சி இல்லாத தொடை. அவர் கண்ணில் தண்ணீர். அந்த ஒரு நிமிஷம் நல்லதம்பிக்குமே, எல்லாம் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யாருக்கு நஷ்டம்?

பிறகு ரெங்கராஜ் எழுந்து பேசினான். பேசத் தெரிந்தவன். தாகத்தோடு ஓடி வந்ததைச் சொன்னான், கிணற்றடியில் ஏழையின் குரலில் பாரதத் தாயின் குரலைக் கேட்டதைச் சொன்னான். கூட்டம் உருகியது. உருகிய கூட்டத்தைக் கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டும் என்று பேச்சாளர்களுக்கு ஒரு புத்தி வரும்.

"இதுல ஒரு வேடிக்கை கேளுங்க" என்றான். "நாட்டையே எழுப்பின பாட்டு, அன்னிக்கு ஏத்த மரத்துல நின்ன ஒருத்தரை மட்டும் எழுப்பலை. அவரு தூங்கி விழுந்துட்டாரு. அந்தப் பெரியவரு இந்தா, வண்டியில இருக்காரு."

திடல் முழுக்கச் சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புத்தான். தலைகள் எல்லாம் வண்டிப் பக்கம் திரும்பின. ஐயனாரும் சிரித்தார். சிரித்தபடி இரண்டு கையையும் கூப்பி, தப்புச் செய்தவன் பஞ்சாயத்தில் கும்பிடுவதுபோல் நாலு பக்கமும் கும்பிட்டார்.

நல்லதம்பிக்கு அதைப் பார்த்த பிறகு ஒன்றும் மிச்சம் இல்லை. பயம்கூட இல்லை. அவன் மேடையில் ஏறினான். மாலையைக் கொண்டுவந்தவரை விலக்கிவிட்டு முன்னால் போய் நின்றான். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தான். குரல் நன்றாகவே வந்தது. கிணற்றடியில் ஊருக்குக் கேட்கப் பாடிய குரல் அல்லவா.

"அவரு தூங்கலை" என்றான். "நூறு சாலுக்குப் பாட்டு நிக்கணும். இவரு எழுதணும்னு நான் நாப்பதை அஞ்சு தடவை பாடினேன். அம்பதை நாலு தடவை பாடினேன். எங்க மச்சான் நூத்தி நாப்பத்தேழு சால் நிக்காம மிதிச்சாரு. பாட்டு நிக்கலை, அவரும் நிக்கலை. எழுபத்தேழுன்னு சொன்னது என் பொய். தூங்கிட்டாருன்னு சொன்னதும் என் பொய்."

நல்லதம்பி வண்டியைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. கல் எறிவார்கள் என்று எதிர்பார்த்தான். எறிந்திருந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருப்பான்.

ரெங்கராஜ் முகம் வெளுத்து நின்றான். அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரிகிறது, தன் பென்சிலுக்கு என்ன விலை என்று. ஆனால் மேடை பழகிய மனிதன், மேடையில் ஒரு கணத்துக்கு மேல் வெளுத்து நிற்க முடியாது. நல்லதம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கின குரலில் பேசினான். பார்த்தீர்களா தியாகத்தை என்றான். தேசத்துக்கு ஒரு பாட்டுக் கிடைக்க ஒரு தொழிலாளி தன் இரண்டு காலையும் கொடுத்திருக்கிறார் என்றான். மனசாரத்தான் சொன்னான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மாலையைக் கொண்டுபோய் ஐயனார் கழுத்தில் போட்டார்கள். அவர் அது எதையும் கவனிக்காமல் முன்னால் இருந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதம்பி கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஐந்து வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை வெளியே எடுத்துப் போட்டால், அதையும் ஒரு பாட்டாக்கிவிட்டார்கள். அவனுக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

வண்டி திரும்பியது. நல்லதம்பி பின்னால் நடந்துகொண்டிருந்தான். புழுதி அவன் மேல் விழுந்தது. எல்லைச் சாவடியைத் தாண்டிய பிறகு வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எத்தனைன்னு சொன்னே?"

"நூத்தி நாப்பத்தேழு, மச்சான்."

"அப்ப நான் தூங்கலை" என்றார் ஐயனார். நல்லதம்பியிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்னார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த காத்தாயியிடம், "கேட்டியா? நான் தூங்கலை" என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். வண்டிக்காரனிடம் சொன்னார். எதிரே புல்லுக்கட்டோடு வந்த, முன்பின் தெரியாத ஒரு கிழவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சொன்னார். கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது வருஷம் மரம் மிதித்தவன் தன் காலை நம்பாமல், தன் கண்ணை நம்பாமல் ஐந்து வருஷம் கிடந்திருக்கிறான். அவனுக்கு இன்றைக்குத்தான் விடுதலை. நல்லதம்பி அதை நினைத்துக்கொண்டு நடந்தான். அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும்.

ஊர் முகப்பில் மாரியம்மன் கோயிலில் ஆடி வெள்ளிப் பொங்கல் வைத்துவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பானையோடு முன்னால் வந்தது செங்கமலம். கூட்டம் எப்படி, பாட்டெல்லாம் பாடினார்களா என்று கேட்டாள். ஐயனார் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"செங்கமலம், நான் அன்னிக்குத் தூங்கலை."

அவள் பானையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். மனிதருக்கு வெயிலில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. எழுபத்தேழு என்று என் காதால் கேட்டேனே என்றாள்.

ஐயனார் அறந்தாங்கியை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாகத் திரும்பி நல்லதம்பியைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. மரத்தின் மேல் ஏறுவதற்கு முன்னால் மரத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அதை அவன் சொல்லுவான்" என்றார். "அங்கிட்டு மேடையில சொன்னது எனக்குப் பத்தாது, மாப்புள்ளே. அவுகளுக்கு என்னைத் தெரியாது. தூங்கின்னு என்னைக் கூப்பிட்டதெல்லாம் இந்த ஊரு. வீட்டுக்கு வீடு நின்னு சொல்லு. நான் வண்டியிலேயே இருக்கேன். நீ சொல்லச் சொல்ல நான் கேக்கணும்."

நல்லதம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு செங்கமலத்தின் முன்னால் வந்து நின்றான். மேடையில் வந்த குரல் இங்கே வரவில்லை. ஒரு தடவை கனைத்துக்கொண்டு, அந்நியன் ஒருவன் தண்ணீர் குடிக்க வந்ததிலிருந்து தொடங்கினான். நாற்பதை ஐந்து தடவை பாடியதைச் சொன்னான். ஐம்பதை நான்கு தடவை பாடியதைச் சொன்னான். தூங்கிவிட்டார் என்று யார் முதலில் சொன்னது என்பதையும் சொன்னான்.

செங்கமலம் கடைசி வரை கேட்டாள். கை எதுவும் தட்டவில்லை. பொங்கல் பானையை இறக்கி வைத்தாள், வண்டிக்குப் பக்கத்தில் போய் ஐயனாரைக் கும்பிட்டாள், நல்லதம்பியைத் திரும்பிப் பார்க்காமல் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அடுத்த வீடு" என்றார் ஐயனார்.

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். அந்தத் தெருவில் முப்பது வீடு இருந்தது.